விலையும் பந்தியும்: தமிழகத்துக் கடைகளும் உண்டிச்சாலைகளும்

1. ஆராய்ச்சிப் பொருள்

அரிசி விற்கும் இடத்தையும் 'கடை' என்கின்றோம். அவ் வரிசியை மாவாக்கி இட்டிலி சுட்டு விற்கும் இடத்தையும் 'கடை' என்கின்றோம். பலசரக்குக் கடை, துணிக் கடை, தேநீர்க் கடை, சாப்பாட்டுக் கடை ஆகிய எல்லாவற்றிற்கும் தமிழில் ஈற்றுச் சொல் ஒன்றே. ஆயினும், பலசரக்குக் கடைக்குச் செல்வோன் பண்டத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றான். உண்டிச்சாலைக்குச் செல்வோன் ஆண்டே அமர்ந்து, ஆண்டுள்ள கலத்தில் உண்டு, வெறுங்கையோடு மீள்கின்றான். இரண்டும் வாணிகமே, ஆனால் ஒரே வாணிகமா? அல்ல எனின், அவற்றைப் பிரிக்கும் எல்லை யாது?

இவ் வினா வணிகர்க்கும் வரி தண்டுவோர்க்கும் மட்டும் உரியதன்று. தமிழகத்தில் அரிசியை யாவர்க்கும் விற்ற தெருவிலேயே, சோற்றை யாவர்க்கும் இடாத உண்டிச்சாலை இருந்தது. ஆதலின், இவ் வெல்லையை ஆராய்தல் சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய்தலே ஆகும். இலக்கியம், கல்வெட்டு, சட்டம் என்னும் மூவகைச் சான்றுகளைக் கொண்டு இதனை ஈண்டுக் காண்போம்.

2. பழந்தமிழ் நூல்களில் அங்காடி

சங்க நூல்களுள் மதுரைக்காஞ்சி, பட்டினப்பாலை, பெரும்பாணாற்றுப்படை ஆகிய மூன்றும் இவ் வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிவன. மதுரையில் பகலில் நடந்த நாளங்காடியும் இரவில் நடந்த அல்லங்காடியும் மதுரைக்காஞ்சியிற் பேசப்படுகின்றன. அந் நூலிற் பயிலும் 'பண்ணியம்' என்னும் சொல் நோக்கற்பாலது. அச் சொல் விற்பனைப் பண்டத்தையும் குறிக்கும், பலகாரத்தையும் குறிக்கும். இன்றும் 'பண்டம்' என்பது பொருளையும், 'தின்பண்டம்' என்பது அதன் ஒரு வகையையும் குறித்தல் காண்க. எனவே, சமைத்த சிற்றுண்டியைப் பிற சரக்குகளோடு ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் நம் மொழியிலேயே ஊறிக் கிடக்கின்றது எனலாம்.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்து வணிகரை வரிசைப்படுத்துங்கால் காழியர், கூவியர் என்போரையும் கூறுகின்றது. காழியர் பிட்டு வாணிகர். கூவியர் அப்ப வாணிகர். அவ் வரிசையிலேயே மீன் விற்போரும், உப்பு விற்போரும், கள் விற்போரும், இறைச்சி விற்போரும் உளர். சுட்ட அப்பமும் சுடாத மீனும் ஒரே தெருவில் விலையாயின. பெரும்பாணாற்றுப்படையிலும் கரிய அகலிற் பாகு சேர்த்து அப்பஞ் சுடும் கூவியர் உவமை வாயிலாக இடம் பெறுகின்றனர். மதுரைக்காஞ்சியில், ஊர் அடங்கும் இரவில் தம் பண்டத்தின் பக்கத்திலேயே உறங்கி விழும் கூவியரைக் காண்கின்றோம்.

ஆயின், சோறு இவ்வாறு எளிதில் விலைப் பொருளாகக் காட்டப்படவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் மோரை விற்று அதற்கு மாறாகப் பெற்ற நெல்லால் தன் சுற்றத்தை உண்பிக்கின்றாள். மோர் விலைக்கு உரியது. அதனால் வந்த சோறு சுற்றத்திற்கு உரியது. வழிச்செல்லும் பாணனுக்கு ஒவ்வொரு நிலத்து மக்களும் தத்தம் உணவை விருந்தாக அளிப்பர் என்றே அந் நூல் கூறுகின்றது. விலை பேசுதல் ஆண்டு இல்லை. மதுரைக்காஞ்சி பலாச்சுளை, மாங்கனி, கீரை, ஊன்சோறு, கிழங்கு முதலியவற்றை எடுத்தோதிப் பலரும் பல இடங்களில் உண்டமையைக் கூறுமிடத்து, சோற்றை அளிப்போரைத் 'தருநர்' என்கின்றதேயன்றி 'விலைஞர்' என்றோ 'பகருநர்' என்றோ கூறவில்லை. இவ்வொரு சொல்லை மட்டுங் கொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது. எனினும், பட்டினப்பாலையில் வரும் அட்டிற்சாலையின் கஞ்சி ஆறுபோல் ஓடிய காட்சியையும், மணிமேகலையில் அமுதசுரபியைக் கொண்டு நிகழும் அறத்தையும் இதனோடு ஒருசேர நோக்கின், சோறு என்பது 'இடப்படுவது' என்னும் கருத்து வலியுற்றிருந்தமை புலனாகும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சி நெறியாகாது. அதே பட்டினப்பாலை, கள் விற்பனையைக் காட்டும் கொடி பறக்கும் மனையொன்றைக் கூறுகின்றது. அதன் முற்றத்தில் மீனும் இறைச்சியும் அறுத்துப் பொரிக்கும் ஒலி எழுகின்றது. மணல் பரப்பி மலர் தூவிய அம் மனைக்குட் பலரும் புகுகின்றனர். பலர் புகுதல், அவ்விடத்திலேயே சமைத்தல், விலைக்கு விற்றல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தை உண்டிச்சாலை என்றே கொள்ளல் தகும். எனவே, பழந்தமிழகத்தில் அப்பம் விற்கப்பட்டது. கள்ளோடு ஊனும் விலைக்குக் கிடைத்தது. முழுச்சோறு பெரும்பாலும் விருந்தாகவும் அறமாகவும் வழங்கப்பட்டது என்பதே இந் நூல்களாற் போதரும் முடிவு.

3. கோயில்: விலைக்கு வாங்கி விலையின்றி வழங்குதல்

சோழர் காலக் கல்வெட்டுக்கள் இவ் வேறுபாட்டை வேறொரு வகையில் விளக்குகின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் எழுந்தருளுவித்த பிள்ளையார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைத்தற்கு 360 காசு அங்காடி வணிகரிடம் முதலாக வைக்கப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டொன்றிற்கு அரைக்கால் காசு வட்டி. ஒரு காசுக்கு 1,200 பழம் விலை. ஆண்டு வட்டி 45 காசாக, அதற்கு 54,000 பழம் கிடைக்கும். நாளொன்றுக்கு 150 வீதம் 360 நாட்கு அது சரியாக அமைகின்றது. அங்காடிக் கணக்கும் கோயிற் கணக்கும் இவ்வளவு நுட்பமாகப் பொருந்தியுள்ளன. அங்காடியில் இருக்கும்வரை பழத்திற்கு விலை உண்டு. கோயில் வாயிலைக் கடந்து படைக்கப்பட்ட பின்னர் அஃது அருட்பொருளாகி விடுகின்றது.

ஆனால், அருட்பொருளும் மீண்டும் விலைப் பொருளாதல் கூடும் என்பதற்குத் திருமலைக் கோயில் சான்றாகின்றது. விசயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுக்களில் 'விட்டவன் விழுக்காடு' என்னுந் தொடர் பயின்று வருகின்றது. அமுதுபடிக்குப் பொருள் வைத்தவர்க்கு, படைக்கப்பட்ட அமுதில் உரிய பங்கு என்பது அதன் பொருள்; அப் பங்கு பெரும்பாலும் நாலில் ஒன்று. இப் பங்கினைப் பெற்றோர் அதனைப் பிறர்க்கு உரிமையாக்கவும், அதன் வாயிலாக யாத்திரிகர்க்கு விற்கவும் இடமிருந்தது. இவ்வாறு மடைப்பள்ளியிற் சமைத்த சோறும் அப்பமும் விற்பனைக்கு வந்தன. ஈண்டு விற்கப்பட்டது சோறு மட்டுமன்று. அது சமைக்கப்பட்ட இடத்தின் தூய்மையும் பெருமையும் ஆகும். பின்னாளில் ஓட்டல்கள் தம் பலகையில் எழுதி விற்றதும் இதனையே என்பது மேலே காட்டப்படும்.

4. சத்திரத்திலிருந்து ஓட்டலுக்கு

மனுநூலின் 10ஆம் இயல், உயர் வருணத்தார் இடர்ப்பாட்டுக் காலத்து வாணிகத்தால் வாழ நேரின் விற்றலாகாத பொருள்களைக் கூறுமிடத்துச் சமைத்த உணவையும் சேர்த்துள்ளது. சோற்றை விற்றல் இழிவு என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. வழிப்போக்கர்க்குச் சத்திரங்களே புகலிடமாயின. தஞ்சை மராட்டிய மன்னர் இராமேசுவரஞ் செல்லும் வழியில் நிறுவிய சத்திரங்கள் புகழ்பெற்றவை. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. சத்திரத்தில் விலை இல்லை. ஆனால் பந்தி வேறுபாடு உண்டு. சிலர்க்குச் சமைத்த சோறும், வேறு சிலர்க்குச் சமையாத அரிசியும் பருப்பும் அளித்தல் சத்திர வழக்கமாகும். சமைத்ததற்கும் சமையாததற்கும் இடையே உள்ள கோடு, சாதிக் கோடாகவும் இருந்தமை இதனால் விளங்கும்.

1856 சூலை 1இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை முதற் பயணி இரயில் ஓடிய பின்னர், வழிப்போக்கு என்பதன் தன்மையே மாறிற்று. கல்வி, வழக்கு, அரசாங்க வேலை ஆகியன பற்றி நகரங்களுக்கு வருவோர் தொகை பெருகிற்று. இத்துணைப் பேர்க்குச் சத்திரம் போதாது. உறவினர் வீடும் போதாது. ஆகவே, விலைக்குச் சோறிடும் சாலைகள் தோன்றின. இவற்றிற்கு வந்த பெயர்களே ஒரு வரலாறு கூறும். 'ஓட்டல்', 'கிளப்பு', 'மெஸ்' என அனைத்தும் பிறமொழிச் சொற்கள். சரக்கு விற்றற்குத் தமிழில் நூறு பெயர் இருக்க, அமர்ந்து உண்ணும் இடத்திற்குப் பெயரை வெளியிலிருந்து பெற வேண்டியிருந்தமை, இத்தொழில் இவ்வளவில் பரவியது அண்மைக்காலத்தே என்பதைக் காட்டுகின்றது.

சமைத்த உணவை விற்றல் ஆகாது என்ற மரபினைச் சார்ந்தோரே இத்தொழிலில் முன்னின்றனர் என்பது வியப்பிற்குரியது. காரணம் தெளிவானது. அவர் கையால் யாவரும் உண்பர். பிறர் கையால் அவர் உண்ணார். எனவே, எல்லா வகுப்பினரையும் வாடிக்கையாளராகப் பெறுதற்கு அந்தணர் சமையலே வாய்ப்பாயிற்று. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தோரும் இத்துறையில் பெருவெற்றி பெற்றனர். 1938இல் சென்னை இராயப்பேட்டையில் கிருட்டிணராவ் தொடங்கிய உட்லண்ட்ஸ் அவ் வெற்றிக்கு எடுத்துக்காட்டு. புலாலுணவு அளித்த சாலைகள் 'மிலிட்டரி ஓட்டல்' என வேறு பெயர் பெற்றன. பலசரக்குக் கடையின் பலகை உள்ளே இருக்கும் பண்டத்தைக் கூறிற்று; ஓட்டலின் பலகையோ உள்ளே சமைப்போன் யார் என்பதைக் கூறிற்று.

5. பலகையும் கலமும்

'பிராமணாள் ஓட்டல்' என்னும் பலகை சமைப்போனை மட்டும் குறித்ததன்று. பல இடங்களில் உண்போனையும் அது பிரித்தது. அந்தணர்க்குத் தனியிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் ஒதுக்கப்பட்டன. இரயில் நிலைய உணவகங்களில் இருந்த இத்தகைய பிரிவினை, பெரியார் ஈ. வெ. இராமசாமியும் நீதிக் கட்சியினரும் எதிர்த்ததன் பயனாக 1941இல் நீக்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையை எதிர்த்து அவர் 1957 மே திங்களில் தொடங்கிய மறியல் பல திங்கள் நீடித்து, அச் சொல் நீக்கப்பட்ட பின்னரே ஓய்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையோ இன்னும் கொடிது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் அவர்க்கெனத் தனிக் குவளை வைத்தல், அல்லது உள்ளே அமரவொட்டாது வெளியே நிறுத்தல் வழக்கமாக இருந்தது. 'இரட்டைக் குவளை முறை' என அதனை நாடு அறியும்.

ஈண்டுத்தான் இரு வாணிகத்தின் வேறுபாடும் முழுவதும் வெளிப்படுகின்றது. அதே ஊரில் அதே மனிதன் தேயிலைத்தூளையும் வெல்லத்தையும் காசு கொடுத்து வாங்கினான், வணிகன் விற்றான். அத் தூளைக் கொதிக்க வைத்துக் கலத்தில் ஊற்றிய அளவிலே, அவன் எங்கே நிற்க வேண்டும், எதிற் குடிக்க வேண்டும் என்ற வினாக்கள் எழுந்தன. சரக்கு விற்பனையில் விற்போனும் வாங்குவோனும் ஒரு கணம் சந்தித்துப் பிரிவர். உண்டிச்சாலையிலோ வாங்குவோன் பிற வாங்குவோரோடு ஓரிடத்தில் அமர்கின்றான். ஒருவர் உண்ட கலத்தில் அடுத்தவர் உண்கின்றார். பொருள் வேறுபாட்டினும் பந்தி வேறுபாடே பெரிது என்பது இதனால் தெளிவாகும்.

நம் அரசியலமைப்பினை வகுத்தோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அதன் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவை பற்றிக் குடிமகன் எவனும் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கையிடங்கள் ஆகியவற்றிற் புகுதற்குத் தடைசெய்யப்படலாகாது என்கின்றது. கடையும் உணவகமும் ஈண்டுத் தனித்தனியே பெயர் கூறப்பட்டன. ஆயின் உரிமை ஒன்றே. 1948 நவம்பர் 29இல் இதுபற்றிய உரையாட்டில் டாக்டர் அம்பேத்கார் 'கடை' என்னுஞ் சொல்லிற்கு விரிந்த பொருள் கூறினார். நாடி வருவோர் எவர்க்கும் தன் பணியை அளிக்க ஒருவன் முன்வந்திருக்கும் இடமே கடை என்பது அவர் கருத்து. சலவை செய்யுமிடமும் முடிதிருத்துமிடமும் அதனுள் அடங்கும் என்றார். விற்கப்படுவது யாது என்று நோக்காது, யார்க்குத் திறந்துள்ளது என்று நோக்கிய விளக்கம் இது.

1955இல் இயற்றப்பெற்ற தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் மேலும் நுட்பமானது. அதன் 4ஆம் பிரிவு கடையிலும் உணவகத்திலும் புகுதலைத் தடுப்பதைக் குற்றமாக்கியதோடு நில்லாது, உணவகத்திலும் ஓட்டலிலும் பொதுமக்கட்கென வைக்கப்பட்ட கலங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தலையும் தனியே குற்றமாக்கிற்று. கடைக்கு வாயிலைத் திறந்தாற் போதும்; உணவகத்திற்கு வாயிலோடு கலத்தையும் திறத்தல் வேண்டும் என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. இச் சட்டம் 1976 முதல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது.

6. தொழிற் சட்டமும் வரியும்

உரிமை பற்றிய சட்டம் இரண்டையும் இணைக்க, தொழில் பற்றிய சட்டம் பிரித்தது. 1947ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வாணிகம் நடைபெறும் இடமும் வாடிக்கையாளர்க்குப் பணி செய்யப்படும் இடமும் கடை என்று விரித்துக் கூறிப் பின்னர், உணவகமும் உண்டிச்சாலையும் கடையாகா என விலக்கிற்று. கடை வாரத்தில் ஒருநாள் முழுவதும் மூடப்படல் வேண்டும் என்பது அச் சட்டத்தின் விதி. துணிக் கடை ஒருநாள் மூடின் மக்கள் மறுநாள் வாங்குவர். பசியை மறுநாளுக்கு ஒத்திவைத்தல் இயலாதன்றோ? 1958இல் உணவு நிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டமே சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது.

வரித்துறையில் இவ் வினா நீதிமன்றம் வரை சென்றது. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதல் 1939இல் விதித்தது சென்னை மாகாணம். ஓட்டலில் இலையில் இடப்படும் உணவு 'விற்கப்படுகின்றதா' என்பது பின்னர் எழுந்த ஐயம். 1978இல் உச்ச நீதிமன்றம், உணவகத்தில் அமர்ந்து உண்போனுக்கு உணவளித்தல் விற்பனையன்று. அது விருந்தோம்பலின் வழிவந்த பணியே என்று தீர்ப்பளித்தது. உண்போன் எஞ்சிய உணவை எடுத்துச் செல்லும் உரிமையுடையவன் அல்லன் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. சங்க நூல்களிற் சோறு 'தரப்படுவது' என்று கண்டோமன்றோ? ஆங்கிலநாட்டு விடுதி மரபைச் சான்றாகக் கொண்ட நீதிமன்றம், தன்னை அறியாமலே தமிழ் மரபுக்கும் அணுகிய முடிவுக்கு வந்தது.

இத் தீர்ப்பால் மாநிலங்கட்கு வருவாய் குறையும் நிலை வந்தது. ஆகவே, 1982ஆம் ஆண்டு 46ஆவது திருத்தம் 1983 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்து, பணியின் பகுதியாக உணவளித்தலையும் விற்பனையாகக் கருதுமாறு செய்தது. 2017 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் மறுபடியும் அதனைப் பணி என வகுத்தது. ஒரே இலைச்சோறு நாற்பதாண்டிற்குள் பணியாகவும், விற்பனையாகவும், மீண்டும் பணியாகவும் மாறியமை காண்க.

எல்லையில் நிற்பவற்றையும் கூறுதல் வேண்டும். உணவகத்திலிருந்து பொட்டலமாக வாங்கிச் செல்வதை நாம் 'பார்சல்' என்கின்றோம். அதற்கு முந்தைய பணிவரி பொருந்துமா என்னும் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் பொருந்தாது என்றும், அது வெறும் உணவு விற்பனையே என்றும் கூறிற்று. மேசை, பரிமாறுவோன், கை கழுவுமிடம் ஆகியன இல்லாதபோது உணவகம் கடையாகின்றது. அவ்வாறே, 2021 அக்டோபரில் நடுவண் வரித்துறை விடுத்த விளக்கம், முன்னரே செய்து வைத்த பனிக்கூழை விற்கும் நிலையங்கள் உணவகம் ஆகா என்றது. ஆண்டு அமர்ந்து உண்ண இடமிருப்பினும், சமைத்தல் இல்லாமையால் அது கடையே என்பது துறையின் கருத்து. ஆகவே, சமைத்தலும் பரிமாறுதலும் ஒருங்கே இருத்தல் உண்டிச்சாலையின் இலக்கணமாக இவ் விரு முடிவுகளாற் கொள்ளப்பட்டது எனலாம். இரண்டில் ஒன்று நீங்கின், அது கூவியர் தொழிலை ஒத்துவிடுகின்றது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சமைத்த சிற்றுண்டியும் பிற சரக்கும் பழந்தமிழர் அங்காடியில் ஒருங்கே விலையாயின என்பதும், முழுச்சோறு பெரும்பாலும் விலைக்கு அப்பாற்பட்டு அறமாக நின்றது என்பதும், இருப்புப்பாதைக் காலத்தே சோறு பெருவாணிகம் ஆயிற்று என்பதும், அவ் வாணிகம் சத்திரத்துப் பந்தி வேறுபாட்டைத் தன்னோடு கொண்டு வந்தது என்பதும் பெறப்படும்.

2013 பிப்ரவரியிற் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்டிலி ஒன்றன் விலை 1 ரூபாய் என வைக்கப்பட்டது. அடக்க விலைக்கும் குறைவாகிய அதனை வாணிகம் எனல் அரிது. காசு பெறுதலின் அறச்சாலை எனலும் அரிது. அட்டிற்சாலையும் அங்காடியும் ஆண்டுச் சந்திக்கின்றன. அங்கே தட்டேந்தி வரிசையில் நிற்போரை, யார் எவர் என்று ஒருவரும் வினவுதல் இல்லை. விலை குறைந்தமை ஒரு நன்மை. வரிசை ஒன்றானமை அதனினும் பெரிய நன்மை. கடையையும் உண்டிச்சாலையையும் பிரிக்கும் எல்லையைச் சட்டம் இன்னும் பலமுறை மாற்றி வரையக்கூடும். தமிழக வரலாறு நமக்குக் கூறுவது இதுவே: கடையை அதன் சரக்கால் மதிப்பிடலாம், உண்டிச்சாலையை அதன் பந்தியால் மதிப்பிடுதல் வேண்டும்.